பாதியில் நின்ற படிப்புக்கும் ஒரு டிகிரி கேட்டு வாங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் இரண்டு வருடம் யூனிவர்சிட்டி என்று செலவைக் குறைத்துப் படிக்கிற வழியைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை இங்கே டெக்சாஸில் உட்கார்ந்து படித்தேன். எழுதியிருந்தது எல்லாம் சரிதான். ஆனால் அந்த வழியில் போய் நடுவில் நின்றுவிடுகிற பிள்ளைகளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் மகன் அப்படி நின்றவன். அவன் விஷயத்தில் நாங்கள் மூன்று வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்ட ஒன்றை மற்ற பெற்றோர்களாவது சீக்கிரம் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். இங்கே கம்யூனிட்டி காலேஜ் என்பது அரசுப் பணத்தில் நடக்கும் முறையான கல்லூரி. 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கியதைத்தான் முதலாவது என்பார்கள். படிப்பை இங்கே கிரெடிட் என்ற அலகில் அளப்பார்கள், ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். 60 கிரெடிட் முடித்தால் அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம் கொடுப்பார்கள். அதே கிரெடிட்டுகளை எடுத்துக்கொண்டு யூனிவர்சிட்டிக்குப் போய் இன்னும் 60 முடித்தால் பேச்சலர்ஸ், அதாவது நான்கு வருட இளங்கலைப் பட்டம். காலேஜ் போர்டு என்ற கல்வி அமைப்பின் கணக்குப்படி 2024-25இல் கம்யூனிட்டி காலேஜில் உள்ளூர் மாணவருக்கு ஒரு வருடப் பாடக் கட்டணம் சராசரியாக 4,050 டாலர், அதே மாநிலத்து அரசு யூனிவர்சிட்டியில் 11,610 டாலர். நடுத்தரக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சிக்கல் என்னவென்றால், பல பிள்ளைகள் அந்த 60ஐ முடிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். யூனிவர்சிட்டி அசோசியேட் டிகிரியைக் கேட்பதில்லை, கிரெடிட்டை மட்டும்தான் பார்க்கிறது. "எப்படியும் பேச்சலர்ஸ் வாங்கப்போகிறோம், நடுவில் இது எதற்கு" என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். காலேஜில் ஆலோசனை சொல்ல உட்கார்ந்திருந்தவரும் அதையேதான் சொன்னார்.

என் மகன் 2018 ஆகஸ்டில் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தான். ஒன்றரை வருடத்தில் 42 கிரெடிட். 2020 ஜனவரியில் ஒரு யூனிவர்சிட்டிக்கு மாறினான், மார்ச்சில் கொரோனா வந்தது. வகுப்பெல்லாம் வீட்டு மேஜையில் லேப்டாப் முன்னால் நடந்தது. அடுத்த வருடம் என் கணவருக்குப் பக்கவாதம். ஆஸ்பத்திரி, பிசியோதெரபி, வருமானம் பாதியாகக் குறைந்தது. பையன் அந்த செமஸ்டரில் இரண்டே பாடம் எடுத்தான், கோடையில் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போனான், அப்படியே நின்றுவிட்டான். யூனிவர்சிட்டியில் அவன் முடித்திருந்தது 27 கிரெடிட். இரண்டையும் கூட்டினால் 69. அப்போது நான் கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு கட்டம் வரும், 'அதிகபட்சக் கல்வித் தகுதி' என்று. அதைத் தட்டினால் பட்டியல் விரியும். ஹை ஸ்கூல், அடுத்து 'கொஞ்சம் காலேஜ், டிகிரி இல்லை', அதற்கடுத்து அசோசியேட், பேச்சலர்ஸ் என்று போகும். ஒரு நாள் ராத்திரி அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவு வேலை, குறைந்தபட்சம் அசோசியேட் டிகிரி வேண்டும் என்று போட்டிருந்தார்கள். அவன் விரல் அந்த இரண்டாவது வரியில் ரொம்ப நேரம் நின்றது. அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விட்டான். கால்குலஸ் மூன்று பாகம் படித்தவன், பிசிக்ஸ் லேப் முடித்தவன், அவனுக்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

2024இல் தற்செயலாகத்தான் எங்களுக்கு வழி தெரிந்தது. வார இறுதியில் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் ஒரு அக்கா, அவர் வேறொரு காலேஜில் மாணவர் பதிவேடுகள் பார்க்கும் பிரிவில் வேலை செய்பவர். பேச்சுவாக்கில் பையனைப் பற்றிக் கேட்டார். நான் சொன்னதும், "எத்தனை கிரெடிட் வச்சிருக்கான்?" என்றார். 69 என்றேன். "அப்ப அவனுக்கு டிகிரி வந்திடுச்சும்மா, இன்னும் யாரும் கையில கொடுக்கல, அவ்வளவுதான்" என்றார்.

அவர் சொன்னதன் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்ஃபர். கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூனிவர்சிட்டிக்குக் கிரெடிட் போவதுதான் வழக்கம். இது அதன் மறுதிசை. யூனிவர்சிட்டியில் எடுத்த கிரெடிட்டுகளை முதலில் படித்த கம்யூனிட்டி காலேஜுக்குத் திருப்பி அனுப்பி, அங்கே எடுத்தவற்றோடு சேர்த்து 60ஐ நிரப்பி, அந்தக் காலேஜிடமே அசோசியேட் டிகிரி வாங்குவது. புதிதாக வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. அனுப்பிய கிரெடிட் யூனிவர்சிட்டிக் கணக்கிலிருந்து கழிந்தும் போகாது, நாளைக்குப் பேச்சலர்ஸ் தொடர்ந்தால் அதே கிரெடிட் அங்கேயும் செல்லும். நான் மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டது இதைத்தான், ஏனென்றால் நம் மனசு ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை இழப்போம் என்றே கணக்குப் போடுகிறது.

அதைவிட என்னை வருத்தியது இன்னொன்று. எங்கள் டெக்சாஸில் இதற்குச் சட்டமே இருக்கிறது, 2011இல் கொண்டுவந்தது. கம்யூனிட்டி காலேஜில் 30 கிரெடிட்டாவது எடுத்துவிட்டு மாறிய மாணவர் மொத்தம் 66ஐத் தொட்டதும், "உன் மதிப்பெண் பட்டியலைப் பழைய காலேஜுக்கு அனுப்பட்டுமா" என்று யூனிவர்சிட்டி அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். என் மகன் 66ஐத் தாண்டியவன். அவனுக்கும் அந்த மெயில் வந்திருக்கிறது! அவன் படிப்பை விட்ட பிறகு, திறந்தே பார்க்காத யூனிவர்சிட்டி மெயில் பெட்டிக்கு. மூன்று வருடம் கழித்துப் பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போய்த் தேடினோம். பார்க்கிங் அறிவிப்புக்கும் கால்பந்து டிக்கெட் விளம்பரத்துக்கும் நடுவில் கிடந்தது, தடித்த எழுத்தில், படிக்காத மெயிலாக. சட்டப்படி அவர்கள் கடமை முடிந்துவிட்டது. படிப்பை விட்டுவிட்ட ஒரு பையன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க மாட்டான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம், சொந்த மெயிலுக்கு ஒரு வரி, ஒரு போன், இதில் ஏதாவது ஒன்று போதுமாக இருந்திருக்கும். கட்டணப் பாக்கி என்றால் வீட்டுக்குத் தபால் வருகிறதே, இதற்கு ஏன் வரக்கூடாது?

சரி, விண்ணப்பிக்கலாம் என்று மறுநாள் காலை நானே கம்யூனிட்டி காலேஜுக்குப் போன் செய்தேன். பையன் பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னதும் அந்தப் பெண் மிகவும் மரியாதையாகச் சொன்னார், மாணவரைத் தவிர வேறு யாரிடமும் பேச முடியாது என்று. நான் அம்மா என்றேன். அம்மாவானாலும் முடியாது. இங்கே 1974லிருந்து ஃபெர்பா என்று ஒரு சட்டம், கல்லூரியில் சேர்ந்துவிட்டால் படிப்பு விவரங்களின் மேல் உள்ள உரிமை முழுக்கப் பிள்ளைக்குத்தான், கட்டணம் கட்டினாலும் பெற்றோருக்கு இல்லை. ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரிக்கு இப்படித் திருப்பி அனுப்பவும் மாணவரின் சம்மதம் வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைக்கான படிவங்களைப் பெரும்பாலும் நாமே நிரப்பிவிடுகிறோம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன், இந்த வேலையில் கையெழுத்து உங்கள் பிள்ளையுடையது. நீங்கள் செய்ய முடிந்ததெல்லாம் அவனைப் பக்கத்தில் உட்கார வைப்பதுதான். அதுவே பெரிய வேலை, ஏனென்றால் தோற்றுவிட்டோம் என்று நினைக்கிற பிள்ளை பழைய காலேஜின் பெயரைக் கேட்கவே விரும்பாது. என் மகன் சம்மதிக்க ஆறு வாரம் ஆனது. நான் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. கிரெடிட்டை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டி, 69 என்று வட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தேன்.

சம்மதம் கொடுத்த பிறகும் மூன்று முட்டுக்கட்டை வந்தது. முதலாவது, யூனிவர்சிட்டியில் பழைய பார்க்கிங் அபராதம் 60 டாலர் பாக்கி, அதற்காக அவன் கணக்கில் ஹோல்ட், அதாவது தடை, போட்டிருந்தார்கள். ஹோல்ட் இருந்தால் மதிப்பெண் பட்டியல் வெளியே வராது என்றார்கள். கட்டினோம், இரண்டு நாளில் நீங்கியது. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் பாக்கிக்காக மதிப்பெண் பட்டியலைப் பிடித்துவைக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது, நீங்கள் இருக்கும் மாநிலத்தில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் எங்களை ரொம்பப் பயமுறுத்தியது. மொத்தம் 69 இருந்தால் மட்டும் போதாது, எந்தெந்தப் பாடத்தில் என்பதும் முக்கியம். டெக்சாஸில் 42 கிரெடிட் பொதுப்பாடம் கட்டாயம். அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் அமைப்பு 6, கணக்கு, அறிவியல், எழுத்து, கலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு உண்டு. பழைய காலேஜ் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்து அனுப்பிய தாளில் ஒரே ஒரு வரி சிவப்பாக இருந்தது, கலைப் பாடம் 3 கிரெடிட் குறைகிறது என்று. அவ்வளவுதான், மறுபடி முடியாது என்று பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் அவன் யூனிவர்சிட்டியில் ஓவியம், சிற்பம் பற்றி ஒரு பாடம் எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது, வீட்டு மேஜையில் அவன் வகுப்பைக் கவனித்தபோது நானும் பின்னால் நின்று அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறேன். விசாரித்ததில், யூனிவர்சிட்டி அந்தப் பாடத்துக்குத் தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தது, காலேஜின் பட்டியலில் இருந்த எண் வேறு, அதனால் பொருத்தமில்லை என்று விட்டுவிட்டார்கள். பாடத்திட்டத் தாளைத் தேடி எடுத்து, இரண்டும் ஒன்றுதான், மறுபடி பாருங்கள் என்று மகன் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினான். பதினைந்து நாளில் ஏற்றுக்கொண்டார்கள். முதல் பதில் 'இல்லை' என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள், எந்தப் பாடம், ஏன் பொருந்தவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். பாடத்திட்டத் தாள்களைப் பிள்ளைகள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது சின்ன விஷயம், கிரெடிட் போய்ச் சேர்ந்தால் டிகிரி தானாக வந்துவிடாது, பட்டம் வேண்டும் என்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் காலேஜில் அப்படி. இதைச் சொல்லாமல் விட்டதில் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. கம்யூனிட்டி காலேஜில் சேருகிறவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் பேச்சலர்ஸ் வாங்கத்தான் வருகிறார்கள். ஆனால் யூனிவர்சிட்டிக்கு மாறுவது மூன்றில் ஒருவர், ஆறு வருடத்தில் பேச்சலர்ஸ் முடிப்பது நூற்றுக்கு 16 பேர். 2024இல், கல்லூரிகளின் மாணவர் பதிவுகளைத் தொகுத்து வைக்கும் நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங் ஹவுஸ் என்ற அமைப்பும் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு மையமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் இந்த 16 இருக்கிறது. கொஞ்ச காலம் காலேஜ் போய் எந்தச் சான்றிதழும் இல்லாமல் இருப்பவர்கள் இந்த நாட்டில் நான்கு கோடிக்கு மேல். நான்கு கோடி! அவர்கள் எல்லோருக்கும் 60 கிரெடிட் இருக்காது, ஆனால் என் மகனைப் போல எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டு அது தெரியாமலே நிற்பவர்கள் அதில் நிச்சயம் பலர் இருப்பார்கள்.

மாநிலங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. இதே டெக்சாஸில் எல் பாசோ நகரத்தில் காலேஜும் யூனிவர்சிட்டியும் சேர்ந்து இதை ரொம்ப முன்பே செய்து காட்டின. 2012இல் சில அறக்கட்டளைகள் பணம் கொடுத்து 12 மாநிலங்களில் இதைப் பெரிய அளவில் தொடங்கின. டென்னசி, மிசௌரி, கொலராடோ எல்லாவற்றிலும் இப்போது மாநிலம் தழுவிய திட்டம் உண்டு. ஆனாலும் பெரும்பாலும் மாணவர் கேட்டால்தான், சம்மதம் சொன்னால்தான் நகர்கிறது. கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கிறது என்றால், வீட்டில் முதல் ஆளாகக் காலேஜுக்குப் போன பிள்ளைக்கும், எங்களைப் போல இங்கத்திய முறை தெரியாமல் வந்த குடும்பத்துக்கும் கடைசியாகத்தான் கிடைக்கும். யூனிவர்சிட்டியில் சேரும் நாளிலேயே அந்தச் சம்மதத்தை வாங்கிவைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். டெக்சாஸில் சேர்க்கை விண்ணப்பத்திலேயே இப்படி ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அது என்னவென்றே புரியாமல் தாண்டிப் போய்விடுகிறது.

அசோசியேட் டிகிரியால் பெரிய மாற்றம் வந்துவிடுமா என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில் 2023இல் வாரச் சம்பளத்தின் இடைநிலை (பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் கீழ்), காலேஜ் போய் டிகிரி இல்லாதவருக்கு 992 டாலர், அசோசியேட் உள்ளவருக்கு 1,058, பேச்சலர்ஸ் உள்ளவருக்கு 1,493. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 66 டாலர்தான். பேச்சலர்ஸுக்கு இது ஈடில்லை, நம் ஊர் டிப்ளமோ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விண்ணப்பக் கட்டத்தில் அடுத்த வரியைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. சில வேலைகளுக்கு அந்த வரி இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்.

இன்னும் சில விஷயங்கள், கேட்டறிந்தவை. பழைய காலேஜிலேயே குறைந்தது கால் பங்கு, அதாவது 60க்கு 15 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பது பல இடங்களில் விதி. சராசரி மதிப்பெண் 4க்கு 2.0க்குக் கீழே போகக் கூடாது. தொழிற்கல்வி சார்ந்த அசோசியேட் வேறு, யூனிவர்சிட்டிக்குப் போவதற்கான அசோசியேட் வேறு, எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அரசு உதவித்தொகையான பெல் கிராண்ட் வாங்குகிற பிள்ளை என்றால், அசோசியேட் வாங்கியதால் அது நின்றுவிடாது, முதல் பேச்சலர்ஸ் வரை உண்டு, மொத்தம் எத்தனை செமஸ்டருக்குக் கிடைக்கும் என்ற வரம்பு மட்டும் தனி. நாடு முழுக்கப் பல கல்லூரிகளுக்கு இந்தக் கிரெடிட் பரிமாற்றத்தைக் கிளியரிங் ஹவுஸ் செய்துகொடுக்கிறது. இன்னும் யூனிவர்சிட்டிக்கு மாறாத பிள்ளை என்றால், மாறுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "அசோசியேட்டுக்கு இன்னும் எத்தனை கிரெடிட் குறைகிறது?" மூன்றோ ஆறோ என்றால் முடித்துவிட்டே போகட்டும்.

இன்னொன்றும் நான் சொல்லியாக வேண்டும். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் "பையன் என்ன பண்றான்?" என்றுதான் முதல் கேள்வி. மூன்று வருடம் "படிச்சிட்டு இருக்கான்" என்று சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது குடும்பத்தைத் தாங்கிய பிள்ளையைப் பற்றி நான் பொய் சொன்னேன், அது அவன் காதில் விழும்படியே சொன்னேன். இங்கே தமிழ்க் குடும்பங்களில் இப்படி மறைத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று இப்போதுதான் தெரிகிறது, ஏனென்றால் நான் வாய் திறந்த பிறகு நான்கு அம்மாக்கள் தனியாக அழைத்து என்னிடம் விவரம் கேட்டார்கள். மறைத்ததால்தான் எங்களுக்கு மூன்று வருடம் போனது. அந்த அக்காவிடம் 2021லேயே உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே கேட்டிருப்பார், எத்தனை கிரெடிட் என்று.

சான்றிதழ் தபாலில் வந்தது, மடங்காமல் இருக்க அட்டை வைத்த உறையில். என் கணவர் இடது கையால்தான் பிரித்தார், வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. அவன் முழுப் பெயரை, என் மாமனார் பெயரும் சேர்ந்த பெயரை, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். இந்த ஆகஸ்டில் பையன் மறுபடி யூனிவர்சிட்டிக்குப் போகிறான், மாலை வகுப்புகள், ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடம்.

நியூஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் மகளுக்கும் கணக்குப் பார்த்தோம். யூனிவர்சிட்டியில் நிறைய எடுத்திருக்கிறாள், ஆனால் பழைய காலேஜில் 12 கிரெடிட்தான், அங்கே 15 வேண்டுமாம். அதனால் கோடையில் ஒரே ஒரு பாடம் எடுக்க அங்கேயே திரும்பப் பதிவு செய்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டெக்சாஸ்